வலது பக்க முன் தண்டு

பையை மேலே வைக்காதீங்க தம்பி. காலுக்கடியில் வைத்துக்கொள்ளுங்க. மேலே வைத்த பை பாதி வழியிலேயே வேறு யார் கையோடாவது இறங்கிப் போய்விடும். நாம் கோலாலம்பூர் போன பிறகுதான் அண்ணாந்து பார்ப்போம். யாரையும் குறை சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். இந்த டிரைவரையே பாருங்க, கண்ணாடி வழியாக நம்மையே பார்த்துக்கொண்டு வருகிறான். எதற்குப் பார்க்க வேண்டும்? ரோட்டைப் பார்த்து ஓட்டினால் போதாதா?

தமிழ்தானே நீங்க? ஏறும்போதே நினைத்தேன். படித்த முகம். எனக்கு முகத்தைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும். இந்தாங்க, முறுக்கு. கையை டின்னுக்குள்ளே நல்லா விட்டு எடுங்க, உடையாதது அடியில்தான் இருக்கும். என் சம்சாரம் மகளுக்குக் கொடுத்து அனுப்புகிறாள். இரண்டு குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. எடுங்க, கூச்சப்படாதீங்க. நமக்குள்ளே என்ன இருக்கிறது?

எங்கே போகிறேன் என்று நீங்க கேட்கவில்லை. நல்ல பழக்கம். கேட்கிறவனிடம் நான் சொல்ல மாட்டேன். கேட்காமல் இருக்கிறவனிடம்தான் சொல்வேன். ஐநா ஆபீசுக்குப் போகிறேன்.

சிரிக்காதீங்க. ஐநாதான். உலகத்து நாடெல்லாம் சேர்ந்து வைத்திருக்கிறதே, அது. கோலாலம்பூரில் அதற்கு ஓர் ஆபீஸ் இருக்கிறதாம். எந்தக் கட்டடம், எந்த மாடி என்று யாரும் ஒழுங்காகச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். தெரியாமல் சொல்லவில்லையா, தெரிந்துகொண்டே மறைக்கிறார்களா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அங்கே ஒரு மனு கொடுக்க வேண்டும். என்னைப் பிறப்பைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்கள். இந்த வயதில்.

மனு இன்னும் எழுதவில்லை. தமிழ்ப்பள்ளியில் மூன்றாவதோடு நின்றவன் நான், அதற்குப் பிறகு எல்லாம் லோரி ஸ்டேரிங்தான். மனு இங்கிலீஷில் இருந்தால்தான் எடுப்பார்களாம். உங்கள் மடியில் கம்ப்யூட்டர் பையைப் பார்த்ததும்தான் இந்தச் சீட்டில் உட்கார்ந்தேன், பொய் சொல்வானேன். எழுதித் தருவீங்களா என்று பிறகு கேட்கிறேன். முதலில் விஷயத்தைக் கேளுங்க. பாதி கேட்டு எழுதினால் பாதி நியாயம்தான் கிடைக்கும்.

என் பெயர் குழந்தைவேலு. செங்கோடன் மகன். தைப்பிங்குக்கு இந்தப் பக்கம் கல்லுமலைத் தோட்டம். தோட்டம் இப்போது கிடையாது, விற்று வீடு கட்டித் தாமான் என்று குடியிருப்பு ஆக்கிவிட்டார்கள். ரப்பர் மரம் நின்ற இடத்தில் கார் நிற்கிறது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அட்டைக்கடி போச்சு. கோயிலை மட்டும் நாங்கள் விடவில்லை. மாரியம்மன் கோயில். பங்குனியில் திருவிழா. அம்மன் சப்பரத்தில் ஏறி வீடு வீடாக வருவாள். அந்தச் சப்பரத்துக்கு இரண்டு நீளத் தண்டு. வலது பக்கத் தண்டின் முன் முனை எங்கள் அப்பாவுடையது. அவருக்குப் பிறகு என்னுடையது.

இங்கே தொட்டுப் பாருங்க. சட்டைக்கு உள்ளே, தோளில். நல்லா அழுத்துங்க. கல் மாதிரி இல்லை? தண்டு உட்கார்ந்து உட்கார்ந்து காய்த்த இடம். லோரி மூட்டை சுமந்து வந்தது என்று டாக்டர் சொல்கிறார். டாக்டருக்கு என்ன தெரியும்?

எனக்கு என்ன வேண்டும் தெரியுமா தம்பி? ரொம்ப எல்லாம் இல்லை. வருகிற பங்குனியில் அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும். என் மகள் அதைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். அவள் என்னோடு பேசியே மாதக்கணக்காகிவிட்டது.

பிரேமாஷினி என்று பெயர். கணக்கு படித்தவள். கோலாலம்பூரில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. தங்க ஓர் அறை வேண்டுமே. போனில் கூப்பிடுவாள். “இருக்கு, இருக்கு, வந்து பாருங்க” என்பார்கள். “உங்க பெயர்?” என்று கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் “அடடா, இப்பத்தான் ஆள் வந்துட்டாங்க” என்பார்கள். சிலர் கொஞ்சம் நேர்மை, “இந்தியரா? வேண்டாம்” என்று வைத்துவிடுவார்கள். நான் சொன்னேன், போனில் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள், நேரில் போவோம், நம்மைப் பார்த்தால் மரியாதையான குடும்பம் என்று தெரியும் என்று. புதுச்சட்டை போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன்.

ஒரு வீட்டுக்காரி வெளியே வந்தாள். இரும்புக் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு எங்களை மேலும் கீழும் பார்த்தாள். என் மகளை ஒரு தரம், என்னை இரண்டு தரம். பிறகு சிரித்தாள். “ஐயோ, இடம் இல்லையே. காலையிலேதான் ஒருத்தர் வந்து சொல்லிட்டுப் போனாங்க. தப்பா நினைக்காதீங்க. வேற ஒண்ணும் இல்லை” என்றாள்.

என் மகளோடு படித்த சீனப் பெண் ஒருத்தி, மெய் லிங் என்று. பக்கத்துக் கடையில் உட்கார்ந்து அவளைக் கூப்பிட்டுச் சொல்ல, அவள் உடனே அதே வீட்டுக்குப் போன் அடித்தாள். அறை இருக்கிறதாம். இன்றைக்கே வரலாமாம். கட்டில்கூடப் புதுசாம்.

பிரேமா அழவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் அந்தத் தெருவையே கொளுத்திவிடலாமா என்று நின்றேன். சொல்லுங்க, முகத்தைப் பார்த்து, பிறப்பைப் பார்த்து, கதவைத் திறக்காமல் கம்பிக்குள்ளே நின்று பேசுகிறவள் மனுஷியா?

கடைசியில் அறை கொடுத்தது யார் என்கிறீங்க? எங்கள் தாமானில் தனபாலன் என்று ஒருத்தன். வீடு கட்டுகிற குத்தகை எடுக்கிறவன். அவனுடைய தங்கை கோலாலம்பூரில் இருக்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு அவனே வந்தான். “அண்ணே, நம்ம பிள்ளை ஏன் ஊரான் வாசல்லே நிக்கணும்? என் தங்கச்சி வீட்டிலே மாடி அறை சும்மாத்தான் கெடக்கு” என்றான். நம்ம பிள்ளையாம். சரி என்றேன், வேறு வழி? ஆனால் எனக்கு அன்றைக்கே உறுத்தியது. ஒருத்தன் கேட்காமல் ஓடி வந்து உதவி செய்கிறான் என்றால் உள்ளே ஏதாவது இருக்கும். இல்லாமல் செய்வானா? நான் அந்த வீட்டுக்கு மகளைப் பார்க்க எத்தனையோ தடவை போயிருக்கிறேன். வாசலோடு சரி. ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

ஏன் என்றா? அது... வெளியில் நான் எதுவும் சாப்பிடுவதில்லை. வயிறு.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பேச்சு வந்தது. வானொலியில் சொன்னார்கள். இனப் பாகுபாட்டுக்கு எதிராக உலகத்துக்கே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, நாடெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறது, விரல்விட்டு எண்ணுகிற அளவு நாடுகள்தான் பாக்கி, நாமும் போடப் போகிறோம் என்று. முதலில் நான் நம்பவில்லை. சும்மா எந்த அரசாங்கமும் கையெழுத்துப் போடாது. ஆனால் கேட்கக் கேட்க எனக்கு உடம்பு சூடேறியது. அந்த வீட்டுக்காரி அந்தக் கம்பிக் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும், இல்லையா? நாடே கையெழுத்துப் போட்டுவிட்டால் அவள் என்ன செய்வாள்?

கோயில் கூட்டத்தில் நான் எழுந்தேன். ஆயுசில் மைக்கைப் பிடித்ததில்லை தம்பி. அன்றைக்குப் பிடித்தேன். “என் மகள் வாசல்லே நின்னா. நாளைக்கு உங்க மகள் நிப்பா. பிறப்பிலே என்னய்யா இருக்கு? கிழிச்சுப் பார்த்தா எல்லாருக்கும் ஒரே ரத்தம். எங்கே பிறந்தான்னு கேக்கிறவன் மனுஷனே இல்லை” என்றேன். கோயில் வாசலில் பேனர் கட்ட வேண்டும் என்றேன். கைதட்டல் நிற்கவே இல்லை. முதல் ஆளாக எழுந்து நின்று தட்டினவன் தனபாலன். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதுவும் உறுத்தியது. என் மகளுக்கு நடந்ததற்கு இவன் ஏன் அழுகிறான்?

பேனர் கட்டினோம். நானே ஏணியில் ஏறினேன். அப்புறம் என்ன ஆச்சு, உங்களுக்கே தெரியுமே. ஒப்பந்தம் வேண்டாம் என்கிறவர்கள் கோலாலம்பூரில் பெரிய கூட்டம் போட்டார்கள். எங்கள் பழைய உரிமை போய்விடும் என்றார்கள். காலகாலமாக இருக்கிறது, மாற்றக்கூடாது என்றார்கள். அரசாங்கம் பின்வாங்கிவிட்டது. கையெழுத்து இல்லை. வானொலியில் அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு நான் சோறு சாப்பிடவில்லை. பழைய உரிமையாம்! அடுத்தவன் தலையில் கால் வைத்துக்கொண்டு நிற்கிறதற்குப் பெயர் உரிமையா? இருக்கிறதைக் கொஞ்சம் பகிர்ந்துகொண்டால் என்ன குறைந்துவிடும்? அதைத்தான் நான் தேத்தண்ணிக் கடையில் எல்லாரிடமும் கேட்டேன்.

இன்னொரு முறுக்கு எடுங்க. பேச்சு இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறது.

தை முடிந்து தனபாலன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாசலிலேயே நின்றான். அவன் எப்போதும் வாசலில்தான் நிற்பான், மரியாதை தெரிந்தவன், அதை நான் மறுக்க மாட்டேன்.

“அண்ணே, அன்னிக்கு மைக்கிலே பேசினீங்களே, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை.”

“ஏன், சத்தமாப் பேசிட்டேனா?”

“இல்லண்ணே, சந்தோசத்திலே. எங்க அப்பா இருந்து கேட்டிருக்கணும்.” பழச் சீப்பைக் கை மாற்றிப் பிடித்தான். “இந்தத் திருவிழாவுக்கு என் மகன் முன் தண்டு தூக்கட்டும்ணே. உங்க வலது பக்கத்தைக் கேக்கலை. இடது பக்கம். கந்தையா அண்ணனுக்கு முட்டிவலி, இந்த வருசம் முடியாதுங்கிறாரு. பையன் உயரமும் உங்களுக்குச் சரியா இருக்கான்.”

உயரம் சரிதான். சப்பரம் தூக்குகிறதில் உயரம்தான் முக்கியம் தம்பி. முன்னால் இரண்டு பேரும் ஒரே உயரமாக இருந்தால்தான் அம்மன் சாயாமல் போவாள். அந்தப் பையன் எனக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி. ஆனால் தனபாலன் கீழ் லயத்துக்காரன்.

உங்களுக்குத் தெரியாதா? எங்கள் தோட்டத்து ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் மேல் லயம் கோயிலை ஒட்டி. கீழ் லயம் கால்வாய்க்கு அந்தப் பக்கம். இதை வெள்ளைக்காரத் துரை பிரித்தான். நாங்களா பிரித்தோம்? எங்கள் பாட்டன்மார் சேர்ந்து இருக்க மாட்டோம் என்று போய்ச் சொன்னார்கள், துரை பிரித்தான். பிரித்தது துரைதானே? இப்போது லயமும் இல்லை, கால்வாயும் இல்லை, எல்லாரும் ஒரே தாமானில் ஒரே மாதிரி வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் யார் எந்த லயம் என்பது தெரியாமல் போய்விடுமா?

நான் யாரையும் தாழ்த்திப் பேசுகிறவன் இல்லை. கீழ் லயம் இல்லாமல் எங்கள் கோயிலில் திருவிழாவே கிடையாது. சப்பரத்துக்கு முன்னால் தப்பு அடித்துக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தான். அம்மனுக்கே முன்னால் போகிறார்கள், அதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்? அந்தப் பெருமையை விட்டுவிட்டுத் தண்டைத்தான் பிடிப்பேன் என்றால் என்ன அர்த்தம்?

“தனபாலு, அது வேற, இது வேற” என்றேன்.

“எப்படிண்ணே வேற?”

“வேறன்னா வேற.”

“பிறப்பிலே என்ன இருக்குன்னு நீங்கதானேண்ணே...”

“அது வீட்டுக்காரிக்குச் சொன்னது. கோயிலுக்குச் சொன்னதில்லை. இது காலகாலமா இருக்கிறது. எங்க அப்பா காலத்து உரிமை. கண்டவன் கேட்டான்னு மாத்த முடியாது.”

அவன் பழத்தை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனான். பழம் அங்கேயே கறுத்தது. என் சம்சாரம் எடுத்துக் குப்பையில் போடும்போது முணுமுணுத்தாள், என்ன என்று நான் கேட்கவில்லை.

பிறகு அவன் நேரே கமிட்டிக்குப் போனான். ஓட்டு எடுத்தார்கள். எல்லாம் இளவட்டங்கள். அவன் பக்கம் விழுந்தது. எனக்குத் தெரியும் எப்படி விழுந்தது என்று. அன்னதானக் கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவன் அவன். எதற்குப் போட வேண்டும்? மழை எனக்கும்தான் பெய்கிறது, நான் போட்டேனா? யோசித்துப் பாருங்க. மகளுக்கு அறை, கோயிலுக்குக் கூரை, அப்புறம் தண்டு. எல்லாம் ஒரே கணக்கு. ஆரம்பத்திலிருந்தே தண்டில்தான் கண்.

நான் சும்மா இருப்பேனா? திருவிழாவுக்கு முதல் நாள் மத்தியானம், நடை சாத்தியிருக்கும் நேரம், நானும் என் மச்சானும் போனோம். சப்பரத்திலிருந்து இரண்டு தண்டையும் உருவினோம். ஆளுக்கு ஒரு முனை, தோளுக்கு ஒரு தண்டு, நடுரோட்டில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். எதிரில் வந்தவனெல்லாம் “வார்னிஷ் அடிக்கவா அண்ணே?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். தண்டு இல்லாமல் சப்பரம் எப்படிக் கிளம்பும்? நாளைக் காலையில் கமிட்டி என் வாசலில் வந்து நிற்கும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று என் திட்டம்.

ஒரே ஒரு சிக்கல். தண்டு என் வீட்டைவிட நீளம். சமையல்கட்டுச் சுவர் வரைக்கும் தள்ளிப் பார்த்தோம், அப்போதும் முன் ஜன்னல் வழியாக இரண்டு முனையும் தெருவில் நீட்டிக்கொண்டு நின்றன. தாமானே வந்து பார்த்தது. என் சம்சாரம் அமிர்தம் அதில் துணி காயப் போடலாமா என்று கேட்டாள்.

“கோயில் தண்டிலே துணியா? அறிவிருக்கா?” என்று கத்தினேன்.

“கோயில் தண்டு கோயில்லே இருந்தா நான் ஏன் கேக்கிறேன்?” என்றாள்.

அவளையும் யாரோ திருப்பிவிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் குளித்துத் திருநீறு பூசி, நாற்காலி போட்டு, தண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. செயலாளர் வருவார் என்று நினைத்தேன், வரவில்லை. சாயங்காலம் ஆச்சு. தப்புச் சத்தம் கேட்டது. முதலில் கோயிலுக்குள்ளே அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தம் நகர்ந்தது. தெருவுக்குள் வந்தது.

வீடு கட்டச் சாரம் போடுவார்களே, இரும்புக் குழாய், அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான் தனபாலன். அதில் மஞ்சள் துணி சுற்றி, பூச்சுற்றி, அம்மனைத் தூக்கிவிட்டார்கள். சாரக் குழாயில் அம்மன்! எங்கேயாவது கேட்டிருக்கிறீங்களா? மேல் லயம், கீழ் லயம் என்று இல்லை, பெண்பிள்ளைகள் உட்பட முறை மாற்றி முறை மாற்றித் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அம்மன் சாய்வாள், சாய்வாள் என்று ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயவில்லை.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சப்பரம் நின்று தட்டு வாங்கும். அது வழக்கம். என் வாசலில் நிற்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நின்றார்கள். அமிர்தம் ஏற்கெனவே வெளியே போயிருந்தாள். தேங்காய்த் தட்டோடு, ஜன்னலில் நீட்டிக்கொண்டிருந்த தண்டுக்குக் கீழே குனிந்து போனாள்.

இடது பக்க முன் முனையில் தனபாலன் மகன். வலது பக்கத்தில், என் இடத்தில், என் மகள்.

கோலாலம்பூரிலிருந்து வந்தது எனக்குத் தெரியாது. சொல்லவில்லை. தோளில் மடித்துப் போட்டிருந்தது என் சிவப்புத் துண்டு. அலமாரியில் நான் வைத்திருந்தது, எங்கள் அப்பா போட்ட துண்டு. அமிர்தம்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். மூக்குக்கண்ணாடி வியர்வையில் நழுவி மூக்கு நுனியில் நிற்கிறது, தள்ளிவிட அவளுக்குக் கை இல்லை. உயரம் என் உயரம். நிற்கிற நிற்பும் அதேதான், இடது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

அப்போது எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோபம்தான். வேறு என்ன வரும்? கண்ணில் தண்ணீர் வந்தது சாம்பிராணிப் புகையால்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஜன்னல் இடுக்கில்.

“அப்பா. கதவைத் திறங்கப்பா.”

எல்லாரும் கேட்கும்படி சொன்னாள். இரும்புக் கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. சாவி என் மடியில். தப்பு அடிக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“கதவைத் திறந்து வெளியே வாங்கப்பா. உங்க இடம்தான். வந்து பிடிங்க, நான் விட்டுடறேன்.”

நான் கம்பிக்குப் பக்கத்தில் போனேன். “இடம் இல்லைம்மா. உள்ளே தண்டு கெடக்கு, கதவைத் திறக்க இடம் இல்லை” என்றேன். உண்மைதான் தம்பி. தண்டு வழியில்தான் கிடந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தக் கோலாலம்பூர்த் தெருவில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தாளே, அதே பார்வை. என்னைப் போய் ஏன் அப்படிப் பார்த்தாள் என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு சப்பரம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

மறுவாரம் கமிட்டியில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். கோயில் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டேனாம். இனிமேல் தண்டுக்கு உயரம் ஒன்றுதான் கணக்காம். யாருக்கு உயரம் சரியாக இருக்கிறதோ அவர்கள் தூக்கலாமாம். நானும் வரிசையில் வந்து நிற்கலாமாம். வரிசையில்! நான்! செங்கோடன் மகன் வரிசையில் நின்று அளந்து காட்ட வேண்டுமாம்!

இது பாகுபாடா இல்லையா? மேல் லயத்தில் பிறந்தவன் என்பதற்காகத்தானே என்னை ஒதுக்கினார்கள்? பிறப்பைப் பார்த்துத்தானே? அதனால்தான் ஐநாவுக்குப் போகிறேன். நம் அரசாங்கம் கையெழுத்துப் போடவில்லை என்றால் என்ன, அவர்களுக்குக் கண் இல்லையா? மகளுக்கு இது தெரியாது. கண் டாக்டரைப் பார்க்க வருகிறேன் என்று அமிர்தத்தை விட்டுச் சொல்லியிருக்கிறேன். பஸ் நிலையத்தில் வந்து நிற்பாள். என்னோடு பேசமாட்டாள், ஆனால் வந்து நிற்பாள். இந்த முறுக்கு என்றால் அவளுக்கு உயிர். டின்னைக் கையில் கொடுத்தால் ஒரு வார்த்தையாவது பேசிவிடுவாள் என்று அமிர்தத்துக்கு ஓர் எண்ணம்.

என்ன, போனில் தேடுகிறீங்க? அந்த ஒப்பந்தமா? அது போனில் இருக்கிறதா? கையெழுத்துப் போடாத நாட்டிலும் தெரியுமா? படிங்க, படிங்க. தமிழில் சொல்லுங்க.

இனம். சரி. நிறம். சரி. வம்சாவளி. அப்படி என்றால்? எந்தக் குடும்பத்தில் யாருக்குப் பிறந்தான் என்பது. அதேதான்! அதைத்தானே நானும் சொல்கிறேன். அதை மனுவில் முதல் வரியிலேயே போடுங்க.

என்ன? சாதியும் அதில் வருமா?

லயம் பிரிக்கிறதும் வருமா? கோயில் தண்டு எப்படி வரும்? யார் சொன்னது? அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு இருக்கிறது, அவர்கள் அப்படி விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்களா? எந்தக் குழு? அதில் யார் யார் இருக்கிறார்கள்? நம் ஆள் எவனாவது உள்ளே புகுந்து எழுத வைத்திருப்பான். இல்லாவிட்டால் எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரனுக்குக் கீழ் லயம் எப்படித் தெரியும்?

அப்படியானால் இந்த ஒப்பந்தம்... அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தால்...

அதானே. அரசாங்கம் என்றால் யோசிக்காமலா செய்யும்? நல்லா விசாரித்துப் பார்த்துத்தான் பின்வாங்கியிருப்பார்கள். ஊரில் எத்தனை பேருக்கு எத்தனை பழைய உரிமை இருக்கும். எல்லாவற்றிலும் கையை வைத்தால் சரிப்படுமா? நானும் அந்தப் பேனரைக் கட்டும்போது ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம்.

அது இருக்கட்டும். இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க தம்பி? தேடவே இல்லையே, கை நேரே அங்கே போய் நின்றதே. முன்பே படித்து வைத்திருக்கிறீங்களா? அதை ஏன் நீங்க படிக்க வேண்டும்?

உங்கள் அப்பாவுக்கு எந்தத் தோட்டம்? ... ஓ, அதுவா. தெரியும், லோரியில் வந்திருக்கிறேன். பெரிய தோட்டம். சும்மாத்தான் கேட்கிறேன், பொழுது போகட்டும் என்று. அங்கே உங்களுக்கு எந்த லயம்?

ஓ.

ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. நல்ல ஆட்கள்தான் அங்கே. எனக்கு அங்கே நிறையப் பேரைத் தெரியும்.

இந்த ஏர்கோன் என்ன இப்படிக் குளிருகிறது? தோளெல்லாம் விறைக்கிறது. இருங்க, துண்டைப் போட்டுக்கொள்கிறேன்.

மனுவா? இன்னுமா எழுதித் தருகிறேன் என்கிறீங்க? இவ்வளவும் கேட்ட பிறகா? எதற்குத் தம்பி? உங்களுக்கு அதில் என்ன இருக்கிறது? இல்லை, வேண்டாம். அந்த ஆபீசே எங்கே என்று தெரியவில்லை. கண் டாக்டரையே பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன். கண்ணும் கொஞ்ச நாளாகச் சரியில்லைதான்.

நீங்க நிலையத்தில் இறங்கும்போது என் மகள் நிற்பாள். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள். நாம் பேசியது நமக்குள்ளேயே இருக்கட்டும்.

முன்னால் ஒரு சீட் காலியாகிவிட்டது. அங்கே போய் உட்கார்கிறேன், கால் நீட்ட வசதி. டின்னா? இல்லை, இருக்கட்டும். நீங்களே வைத்துக்கொள்ளுங்க. இல்லை தம்பி, டின்னோடு வைத்துக்கொள்ளுங்க. அவளிடம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன், முறுக்கு சரியாக வரவில்லை, அம்மா கொடுத்து அனுப்பவில்லை என்று. எழுந்திருக்க வேண்டாம், காலை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்ளுங்க.

தப்பா நினைக்காதீங்க தம்பி. வேற ஒண்ணும் இல்லை.